மூலிகைக்குச் சோதனை இழுக்கன்று

மலாக்கா மாநிலத்திற்குப் பெயர் தந்த மரம் எது என்று வினவினால், பரமேசுவரன் இளைப்பாறிய மரம் எனத் தமிழ்ப்பள்ளி மாணவர் தயங்காது விடை கூறுவர். அது தமிழரின் நெல்லி மரமே என்பதை அறிந்தோர் அவருள் சிலரே. மலாய் மக்கள் மலாக்கா மரம் என்று அழைப்பதும், வடமொழியாளர் ஆமலகம் என்று குறிப்பதும், அதியமான் ஔவைக்கு ஈந்ததாகப் புறநானூறு போற்றும் கனியைத் தருவதும் நெல்லியே. மரபு வழங்கும் கதைப்படி ஒரு மாநிலத்தின் பெயரிலும், ஓர் இனத்தின் பழம்பாடலிலும் ஒருங்கே வேரூன்றிய மரம் அது.

இச்சிறப்பை எடுத்துரைப்பதில் தவறில்லை. ஆயின் மேடைகளில் அவ்வுரை அங்கு நிற்பதில்லை. அதியமான் தந்த நெல்லி ஔவையை நெடுநாள் வாழ்வித்தது. ஆகவே நெல்லி எல்லா நோயையும் தீர்க்கும். ஆகவே வயிற்றுப் புண்ணுக்கு வேறு மருந்து வேண்டா. ஆகவே அரங்க வாயிலில் விற்கப்படும் புட்டியை வாங்கிச் செல்க என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகிறது. முதற்படி இலக்கியம், இறுதிப்படி வாணிகம். இடையே இருக்க வேண்டிய படி ஒன்று காணாமற் போயிற்று. அப்படியின் பெயர் சோதனை.

மூலிகைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எவரேனும் வாய் திறந்தால், அவர் முன்னோரைப் பழித்தவர் ஆகிறார். மேலைநாட்டாரின் அடிமை ஆகிறார். தமிழ்ப் பகைவர் என்றுகூட ஏசப்படுகிறார். இவ்வேச்சு தமிழ்ச் சமுதாயத்திற்குப் பெருந்தீங்கு இழைத்து வருகிறது. சோதனை மூலிகைக்கு இழுக்கன்று; சோதியாமலே புகழ்வதுதான் மூலிகைக்கும், அதனைக் காத்துத் தந்த மூதாட்டியர்க்கும், அதனை நம்பி உண்ணும் நோயாளர்க்கும் இழுக்கு. இதனை உணர்த்த வேண்டிய கடமை வேறெவரையும்விடத் தமிழாசிரியரையே சாரும்.

லயத்து மருந்துப் பெட்டி

ஜாசின், அலோர்காஜா, மெர்லிமாவ் வட்டாரங்களில் பால்மரக் காடுகள் பரந்து கிடந்த காலத்தில், லயத்து வீடுகளில் அஞ்சறைப் பெட்டியே மருந்துப் பெட்டியாகவும் விளங்கியது. குழந்தை வயிறு உப்பி அழுதால் வசம்பைச் சுட்டுத் தாய்ப்பாலில் உரைத்து நாவில் தடவினர். செரியாமைக்கு ஓமத் தண்ணீர், குமட்டலுக்குச் சுக்கு, கழிச்சலுக்குக் கொய்யாக் கொழுந்தும் மாதுளைத் தோலும், வயிற்றுப் புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை, மலச்சிக்கலுக்குக் கடுக்காய். விடியுமுன் பால் வெட்டச் சென்று வெயிலேறத் திரும்பிய தாய்க்கு மருத்துவமனை தொலைவு. தோட்டத்து டிரசர் கையிலிருந்த மருந்துகளோ சில. கைக்கெட்டியதைக் கொண்டு பிள்ளைகளைக் காக்க முயன்ற அப்பெண்கள் நகைப்புக்குரியவர் அல்லர்.

அவர்தம் வழக்கில் ஓர் ஒழுங்கும் இருந்தது. செடியை அவர்கள் கண்ணால் கண்டனர். இலையைத் தம் கையால் பறித்தனர். எந்தப் பருவத்து இலை, எத்தனைக் கொழுந்து, எத்தனை வேளை என்பதைத் தாய் மகளுக்குச் சொல்லித் தந்தாள். உண்டவரும் கொடுத்தவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தமையால், விளைவு நன்றாயினும் தீதாயினும் அன்றே தெரிந்தது.

இன்றைய நிலை வேறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் நின்ற நிலத்தில் செம்பனை வந்தது, வீடமைப்புத் தாமான்கள் வந்தன. தோட்ட மக்களின் பிள்ளைகள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். கொல்லையில் நின்ற செடி, கடையில் புட்டியாகவும் பொடியாகவும் உறையிட்ட குளிகையாகவும் வந்து சேர்ந்தது. பாட்டி கொடுத்தது ஒரு செடி; புட்டியில் இருப்பதோ பல சரக்குகள் கலந்த கூட்டு. எந்நிலத்தில் விளைந்தது, எப்போது பறிக்கப்பட்டது, எதனுடன் சேர்க்கப்பட்டது என்பதை வாங்குபவர் அறியார். பல வேளைகளில் விற்பவரும் அறியார். எனினும் பாட்டியின்மீது இருந்த நம்பிக்கை அப்படியே ஆலையின்மீது மாற்றி வைக்கப்படுகிறது. புட்டியின் மேலுறையில் முனிவர் ஒருவரின் படம் இருந்துவிட்டால் போதும், கேள்விகள் அடங்கிவிடுகின்றன.

நெடுங்கால வழக்குச் சான்றாகுமா?

சோதனையை மறுப்போர் முதலாவதாகக் கூறுவது, ஈராயிரம் ஆண்டுகளாக மக்கள் உண்டு பயன் கண்டதற்கு மேல் சோதனை எதற்கு என்பதாகும். கேட்பதற்கு இவ்வாதம் வலுவானதே. ஆயினும் ஆராய்ந்தால் நிற்பதன்று.

செரிமான நோய்களுள் பெரும்பாலன தாமே வந்து தாமே நீங்குவன. வயிற்றுப்போக்கு பலர்க்கு இரண்டு மூன்று நாள்களில் நின்றுவிடும். மூன்றாம் நாள் கொய்யாக் கொழுந்தை அரைத்துக் குடித்தவர், நான்காம் நாள் நலம் பெற்றால், நன்றி கொழுந்துக்கே சேரும். குடியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் அறிய வழியில்லை. நலம் பெற்றவர் ஊரெல்லாம் சொல்வார். பெறாதவர் மருத்துவமனைக்குச் சென்றுவிடுவார். அவர் கதை வழக்கில் நிலைப்பதில்லை. குடல் எரிச்சல் நோயாளர்க்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைக் கொடுத்த ஆய்வுகளில், பத்துப் பேரில் மூவரோ நால்வரோ நலமடைந்ததாகக் கூறுவது பலமுறை கண்ட உண்மையாகும். நம்பிக்கையின் ஆற்றலையும் இயற்கையின் ஆற்றலையும் கழித்துவிட்டு, எஞ்சுவது எவ்வளவு என்று பார்த்தால்தான் மூலிகையின் ஆற்றல் புலப்படும்.

பழமை ஒன்றே சான்றாகுமெனில், ஐரோப்பியர் ஈராயிரம் ஆண்டுக்கும் மேலாக நோயாளரின் குருதியை வடித்து வந்ததும் சிறந்த மருத்துவமே ஆதல் வேண்டும். பாரிசு நகர மருத்துவர் பியேர் லூயி என்பார், நுரையீரல் அழற்சி கண்டவர்களைக் கணக்கெடுத்து 1835-இல் வெளியிட்ட ஆய்வில் அதனால் விளைந்த பயன் மிகச் சிறிதே எனக் காட்டினார். அதன்பின் அவ்வழக்கம் மெல்ல மெல்ல வீழ்ந்தது. தம் முன்னோரின் வழக்கத்தை அவர் எண்ணிப் பார்த்ததால் பிரான்சு நாட்டின் பெருமை குன்றிவிடவில்லை.

நெடுங்கால வழக்கு ஒன்றை ஓரளவு காட்ட வல்லது: உண்டவுடன் கொல்லும் நஞ்சாயின் அது முன்னரே விலக்கப்பட்டிருக்கும். மெதுவாகக் கெடுப்பதை வழக்கு காட்டாது. பத்தாண்டு கழித்துச் சிறுநீரகம் கெட்டால், அதற்கும் என்றோ குடித்த கசாயத்துக்கும் உள்ள தொடர்பை எந்தப் பாட்டியால் கண்டறிய இயலும்?

வசம்பையே எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை வளர்ப்பான் என்றும், இரவில் பெயர் கூறலாகாது என்பதால் பேர் சொல்லாதது என்றும் தமிழர் போற்றிய சரக்கு அது. இந்தியாவின் சம்மு வட்டாரத்து வசம்பெண்ணெயை உணவில் கலந்து எலிகளுக்கு ஊட்டியபோது, சிறுகுடலில் புற்றுக் கட்டிகள் தோன்றியதை 1967-இல் ஆய்வாளர் அறிவித்தனர். பீட்டா அசரோன் என்னும் பொருளே அதற்குக் காரணம் எனக் கருதப்பட்டது. 1968-இல் அமெரிக்க அரசு உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடைசெய்தது. எலிக்கு நாள்தோறும் ஊட்டிய எண்ணெயும், குழந்தையின் நாவில் தடவிய சுட்ட வசம்பின் துளியும் ஒன்றல்ல என்று வசம்பின் அன்பர் கூறுவர். உண்மைதான். ஆயின் சுட்டபின் அத்துளியில் எவ்வளவு நஞ்சு எஞ்சுகிறது என்பதை வாதத்தால் அறிய இயலாது. அளந்தே அறிய வேண்டும். வசம்பைக் காப்பாற்ற விரும்புவோர்க்கும் சோதனையே துணை.

ஆடுதீண்டாப்பாளையின் செய்தி இன்னும் கடுமையானது. அதுவும் ஈசுவரமூலியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. குடற்புழுவுக்கும் வயிற்று வலிக்கும் வழக்கில் இருந்தவை. அப்பேரினச் செடிகளில் உள்ள ஓர் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைத்துப் புற்றையும் விளைவிக்கும் என்பது இன்று ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. அதனை உலகம் அறிந்த விதமும் நினைவிற் கொள்ளத் தக்கது. பெல்சியம் நாட்டில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைக் குளிகை உண்ட பெண்கள் பலர்க்குச் சிறுநீரகம் செயலிழந்ததை 1993-இல் மருத்துவர் வெளியிட்டனர். சேர்க்கப்பட வேண்டிய செடிக்குப் பதிலாக, சீன மொழியில் பெயரொத்த வேறொரு செடி கலந்துவிட்டதே காரணம். அவ்வேறு செடி, ஆடுதீண்டாப்பாளையின் பேரினத்ததே. இயற்கையானது ஆகையால் தீங்கற்றது என்று அங்கும் கூறியிருப்பர்.

ஓமமும் தோட்டத் தமிழரும்

சோதனை என்பது மேலைநாட்டார் சூழ்ச்சி என்பது மறுப்போரின் இரண்டாம் வாதம். இதற்கு விடையை வெளியே தேட வேண்டுவதில்லை. மலாயாத் தோட்டங்களின் வரலாற்றிலேயே அது உள்ளது.

தோட்டத் தொழிலாளரை வாட்டிய குடல் நோய்களுள் கொக்கிப்புழு நோய் கொடியது. கழிப்பிட வசதியற்ற லயங்களில், வெறுங்காலுடன் நடந்தோரின் தோலைத் துளைத்து உட்புகும் அப்புழு, குடற்சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சும். சோகை கண்டு வெளிறிய தொழிலாளியைச் சோம்பேறி என்று துரைமார் ஏசினர். ராக்பெல்லர் அறநிறுவனத்தைச் சார்ந்த ஆய்வுக் குழு ஒன்று, 1915 முதல் 1917 வரை மலாயா, சாவகம், பிசித் தீவுகள் ஆகிய இடங்களில் இந்நோயை ஆராய்ந்தது. சாமுவேல் டார்லிங் என்பார் அதன் தலைவர். மலாயாவில் அவர்கள் ஆராய்ந்த தொழிலாளருள் தமிழரும் இருந்தனர்.

அந்நாளில் கொக்கிப்புழுவுக்குச் சிறந்தது எனக் கருதப்பட்ட மருந்து தைமால். அது எதிலிருந்து எடுக்கப்பட்டது? ஓமத்திலிருந்து! 1914-இல் முதல் உலகப்போர் மூளும் வரை, இந்தியாவில் விளைந்த ஓமம் கப்பலேறிச் செருமனிக்குச் சென்றது. அங்கே வடித்தெடுக்கப்பட்ட சாரம் உலகெங்கும் மருந்தாக விற்கப்பட்டது. லயத்து அஞ்சறைப் பெட்டியில் இருந்த ஓமமே உருமாறி, வெள்ளையர் மருந்து என்னும் பெயருடன் அதே லயத்திற்குத் திரும்பி வந்தது.

டார்லிங் குழுவினர் தைமாலைப் புகழவுமில்லை, இகழவுமில்லை. எண்ணிப் பார்த்தனர். மருந்துண்டவர் வெளியேற்றிய புழுக்களை எண்ணினர். மீண்டும் மருந்து கொடுத்து எஞ்சியிருந்த புழுக்களையும் எண்ணினர். இரண்டையும் ஒப்பிட்டு எம்மருந்து எவ்வளவு வல்லது என்று கணக்கிட்டனர். அமெரிக்கக் கண்டத்துச் செடியொன்றிலிருந்து வடித்த கெனப்போடிய எண்ணெய், தைமாலினும் மேம்பட்டது எனக் கண்டனர். அவ்வெண்ணெயும் நிலைக்கவில்லை. அளவு மிகுந்தால் உயிரைப் பறிக்கும் அதன் நஞ்சுத் தன்மை தெரிந்தது. 1920-களில் வேறு மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன. ஓமம் தோற்றது, ஓமத்தை வென்றதும் தோற்றது. வென்றவர் நோயாளரே. சோதனையின் இயல்பு இது.

இவ்வரலாற்றில் தமிழர் நெஞ்சை உறுத்த வேண்டியது வேறொன்று உண்டு. ஓமம் தமிழர் அறிந்தது; நோய் தமிழரை வாட்டியது; எண்ணப்பட்ட புழுக்கள் தமிழர் குடலில் இருந்தவை. ஆயின் வினாவை எழுப்பியவரும், விடையை எழுதியவரும், 1920-இல் வெளிவந்த அறிக்கையின் மொழியும் தமிழ் சார்ந்தவை அல்ல. சோதனைக்கு உட்படுவோரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்னும் நெறி உலக மருத்துவர் கழகத்தால் எல்சிங்கியில் 1964-இல் வகுக்கப்பட்டது. அத்தொழிலாளர் வாழ்ந்த காலத்தில் அத்தகைய காப்பு இல்லை. இக்குறைக்குப் பரிகாரம் சோதனையை வெறுப்பதன்று. தமிழர் தாமே கேள்வி கேட்டு, தம் மொழியில் ஒப்புதல் பெற்று, தம் மொழியில் முடிவை எழுதும் நிலைக்கு உயர்வதே பரிகாரம்.

மேலும், ஆராய்ந்தறியும் நெறி தமிழர்க்கு அயலானது என்று கூறுவோர் திருக்குறளின் மருந்து அதிகாரத்தை மீண்டும் படிப்பாராக. பத்துக் குறளிலும் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை! முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்ண வேண்டும் என்பதும், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்பதும் அங்குக் கூறப்படுகின்றன. முனிவர் படம் ஒட்டிய புட்டிக்கு வள்ளுவர் சான்றிதழ் வழங்கவில்லை.

சோதனை செய்தோர் கண்டவை

மூலிகைச் சோதனை என்பது ஒரே செயலன்று, படிப்படியான ஒன்று. முதற்படி, செடி எதுவென்று துணிவது. கழிச்சலுக்கும் சீதபேதிக்கும் வழங்கிய குடசப்பாலையை, 1921 முதல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பணியாற்றிய இராம்நாத் சோப்ரா போன்றோர் முறையாக ஆராய்ந்தனர். ஆயின் வெட்பாலை என்னும் பெயர் குடசப்பாலைக்கும் அதனைப் போன்ற வேறொரு மரத்திற்கும் வழங்குகிறது. ஒன்றன் விதையில் மற்றதன் விதை கலந்து விற்கப்படுவதும் உண்டு. பெயர் ஒன்று, மரம் இரண்டு என்றால், எம்மரம் நோயைத் தீர்த்தது என்று எவ்வாறு கூறுவது? பல நாட்டு மருந்துச் சரக்குகள் குவிந்த மலாக்காச் சந்தைக்கு 1512-இல் வந்து சேர்ந்த போர்ச்சுகீசிய மருந்தாளர் தோமே பிரேசு, ஒவ்வொரு சரக்கும் எங்கு விளைகிறது என்பதைக் கேட்டறிந்து 1516-இல் தம் மன்னர்க்கு மடல் எழுதினார். மருந்து விற்போரை ஊரும் பேரும் கேட்பது மலாக்காவிற்குப் புதிதன்று.

இரண்டாம் படி, சாரத்தை வடித்து விலங்குகளிடம் பார்ப்பது. மணத்தக்காளிச் சாரம் எலிகளின் இரைப்பைப் புண்ணை ஆற்றியதாகச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2006-இல் வெளியிட்டனர். மகிழ்தற்குரிய செய்தியே. ஆயின் எலியின் இரைப்பை மனிதனின் இரைப்பையன்று; ஆய்வகத்தில் மெத்தனாலால் வடித்த சாரம், அடுப்பில் வைத்த கீரைக் குழம்புமன்று. மணத்தக்காளி வயிற்றுப் புண்ணைத் தீர்க்கும் என்று அறிவியல் நிறுவிவிட்டது என மேடையில் முழங்குவோர், இரண்டாம் படியில் நின்றுகொண்டு மாடியை அடைந்துவிட்டதாக மயங்குகின்றனர்.

மூன்றாம் படியே முடிவானது. அது மக்களிடம் ஒப்பிட்டுப் பார்ப்பது. தாய்லாந்தின் சியாங்மாய் நகரில் 2001-இல் வெளியிடப்பட்ட இஞ்சி ஆய்வு இதற்கு நல்ல பாடம். குமட்டலால் துன்புற்ற 70 கருவுற்ற மகளிர் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் இஞ்சிப் பொடி நான்கு நாள் தரப்பட்டது. மற்றவர்க்குத் தோற்றத்தில் ஒத்த வெற்றுக் குளிகை. எது எதுவென உண்டவரும் அறியார், கொடுத்தவரும் அறியார். இறுதி வரை இருந்தோருள் இஞ்சி உண்ட 32 பேரில் 28 பேர் நலம் கண்டதாகக் கூறினர். வெற்றுக் குளிகை உண்ட 35 பேரில் 10 பேரே அவ்வாறு கூறினர். அந்தப் பத்துப் பேரை மாணவர் மறக்கலாகாது. மருந்தே இல்லாமல் நலமடைந்தவர் அவர்கள். ஒப்பிடாமல் விட்டிருந்தால், அப்பத்துப் பேரையும் இஞ்சியின் கணக்கில் எழுதியிருப்பர்.

அதிமதுரத்தின் வரலாறு இன்னும் சிறந்த பாடம். இரைப்பைப் புண்ணை அது ஆற்றுவதை நெதர்லாந்து மருத்துவர் ரீவர்சு 1946-இல் வெளியிட்டார். உண்டவர் சிலர்க்கு உடல் வீங்குவதையும் அவரே குறித்தார். அதிமதுரத்திலிருந்து ஆக்கப்பட்ட கார்பெனாக்சோலோன் என்னும் மருந்தை இங்கிலாந்தில் ரிச்சர்டு டாலும் அவர்தம் துணைவரும் 1962-இல் ஒப்பிட்டுச் சோதித்து, இரைப்பைப் புண் விரைந்து ஆறுவதைக் காட்டினர். குருதி அழுத்தம் உயர்வதும், உடலில் பொட்டாசியம் குறைவதும் அதன் தீமைகள் எனத் தெரிந்தன. குருதி அழுத்தம் உடைய ஒருவர் நாள்தோறும் அதிமதுரம் உண்பது ஏன் தீது என்பது இச்சோதனைகளால் தெளிவாயிற்று. நன்மையையும் தீமையையும் ஒரே கண்ணாடியில் காட்டுவது சோதனை. புகழுரை ஒரு பக்கத்தையே காட்டும்.

மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் என்னும் மஞ்சட் பொருளை, வயிற்றுப்போக்குக் கண்ட 165 பேரிடம் டாக்காவில் ஆராய்ந்து 1987-இல் முடிவு வெளியிட்டனர். ஒருவகை நுண்ணுயிரால் வந்த கழிச்சல், பெர்பெரின் உண்டவருள் நூற்றுக்கு 42 பேர்க்கு ஒரு நாளில் நின்றது. உண்ணாதவருள் 20 பேர்க்கே நின்றது. வாந்திபேதிக்கோ அது குறிப்பிடத்தக்க துணை செய்யவில்லை. ஒரே மூலிகை, ஒரே அறிகுறி, இரு நோய், இருவேறு விடை! பேதிக்கு மரமஞ்சள் நல்லதா என்னும் கேள்வியே முழுமையற்றது என்பதை இது காட்டுகிறது. மலாக்கா மரமாகிய நெல்லியும் இவ்வாறு சோதிக்கப்பட்டுள்ளது. நெஞ்செரிச்சல் கண்ட 68 பேரிடம் ஈரான் நாட்டில் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், வெற்று மாத்திரையைவிட நெல்லி மாத்திரை மிகுந்த நலம் தந்தது. சிறிய ஆய்வே, மீண்டும் பலவிடத்துச் செய்து பார்க்க வேண்டியதே. எனினும் நெல்லிக்கு அது சேர்த்த பெருமை, ஆயிரம் மேடை முழக்கங்களால் வருவதன்று. அதனைச் செய்தவர் மலாக்காத் தமிழர் அல்லர் என்பதே வருத்தம்.

குடிப்பதால் என்ன கெடுதி?

நன்மை இல்லாவிடினும் தீமை இல்லையே என்பது மூன்றாம் வாதம். பார்வைக்கு மென்மையான இதுவே மூன்றனுள் கொடியது. தீமை புட்டிக்குள் மட்டும் இருப்பதில்லை. இழந்த நாள்களிலும் இருக்கிறது.

கழிச்சலால் துவளும் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பே. உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் கலந்த நீர் அதனைக் காக்கும் என்பது 1968-இல் டாக்காவில் நிறுவப்பட்டது. 1971-இல் வங்கதேச ஏதிலியர் முகாமில் திலீப் மகலனாபிசு அதனைப் பல்லாயிரவர்க்கு வழங்கி உயிர் காத்தார். இந்த நூற்றாண்டின் தலையாய மருத்துவக் கண்டுபிடிப்பாக அமையக்கூடும் என்று லான்செட் ஏடு 1978-இல் அதனைப் பாராட்டியது. அதில் அரிய மூலிகை எதுவும் இல்லை. அடுக்களைப் பொருள்களே உள்ளன. அதுவும் சோதனையாலேயே ஏற்கப்பட்டது. இக்கரைசலைக் கொடுத்துக்கொண்டே கொய்யாக் கொழுந்தையும் கொடுத்தால் கேடு சிறிது. கொழுந்து போதும் என்று இரண்டு நாள் காத்திருந்தால், அந்த இரண்டு நாளே குழந்தையின் ஆயுளாகிவிடக்கூடும்.

பெரியோர்க்கு வரும் வயிற்றுப் புண்ணிலும் இதே நிலைதான். ஆஸ்திரேலிய நாட்டு வாரன், மார்சல் இருவரும் 1982-இல் கண்டறிந்த ஒரு நுண்ணுயிரே வயிற்றுப் புண்கள் பலவற்றிற்குக் காரணம். அக்கண்டுபிடிப்புக்கு 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்நுண்ணுயிர் இரைப்பைப் புற்றுக்கும் வித்தாகும் என்பதை உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-இல் அறிவித்தது. மலேசியாவில் நடந்த ஆய்வுகளில், மலாய்க்காரரிடையே காண்பதைவிட இந்தியரிடையே அது மிகுதியாகக் காணப்பட்டது. எரிச்சலைத் தணிக்கும் கீரையை உண்டு, எரிச்சல் தணிந்ததும் நோய் தீர்ந்தது என்று நம்பி, கிருமியை உள்ளே வளரவிட்டவர் எத்தனை பேரோ! மணத்தக்காளி அவர்க்குத் தீங்கு செய்யவில்லை. மணத்தக்காளியைப் பற்றிய மேடைப் பேச்சு தீங்கு செய்தது.

இகழ்வோரும் தப்புவதில்லை

இவற்றைக் கேட்டு, மூலிகை அனைத்தும் மூடநம்பிக்கை என்று உதடு பிதுக்கும் படித்தோரும் தவறு செய்பவரே. சோதியாமல் புகழ்வதும் சோதியாமல் இகழ்வதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். பிரேசில் நாட்டு வேரொன்றிலிருந்து எடுத்த எமெட்டீன், 1912-இல் கல்கத்தாவில் லெனார்டு ராசர்சு கையாண்டபின் சீதபேதியின் கொடுமையைத் தணித்தது. அமேசான் காட்டு மரமொன்றின் செந்நிறப் பாலிலிருந்து வடித்த குரோபெலமர் என்னும் வயிற்றுப்போக்கு மருந்துக்கு 2012 இறுதியில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. அக்காட்டு மக்களின் வழக்கை எவரும் அப்படியே நம்பவும் இல்லை. குப்பையில் எறியவும் இல்லை. வழக்கை வினாவாகக் கொண்டனர். விடையைச் சோதனையிடம் கேட்டனர். தமிழர் வழக்கும் அத்தகைய வினாக்களின் கருவூலம். கருவூலத்தைப் பூட்டி வைத்துப் பூசை செய்வதால் எவர்க்குப் பயன்?

மலேசிய அரசின் சட்டங்களையும் மக்கள் தவறாகவே புரிந்துகொள்கின்றனர். 1984-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி மருந்துகள் பதிவு செய்யப்படுகின்றன. மரபு மருந்துகளின் பதிவு 1992-இல் தொடங்கியது. புட்டியின்மேல் மால் என்னும் எழுத்துகளுடன் தொடங்கி டி என்னும் எழுத்தில் முடியும் எண் அதனைக் குறிக்கும். ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் வரம்பு மீறாமையையும், நுண்ணுயிர்த் தூய்மையையும் அப்பதிவு நோக்குகிறது. இவ்வெச்சரிக்கை வீணன்று, அமெரிக்காவின் பாசுடன் நகரக் கடைகளில் வாங்கிய தெற்காசிய ஆயுர்வேத மருந்துகள் 70-இல் 14 மருந்துகளில் அத்தகைய உலோகங்கள் இருந்ததை 2004-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. எனினும் பதிவு எண் இருப்பதனால் அம்மருந்து நோயைத் தீர்க்கும் என்று மக்களிடம் சோதித்து நிறுவப்பட்டதாகப் பொருள் கொள்ளலாகாது. மரபு மருத்துவச் சட்டம் 2016-இல் வந்தபின் சித்த மருத்துவம் உள்ளிட்ட இந்திய மரபு மருத்துவத்திற்கும் அதன்கீழ் இடம் கிடைத்தது. இடம் கிடைத்த பின்னரே பொறுப்பும் தொடங்குகிறது.

தமிழாசிரியர் செய்யத் தக்கன

தமிழாசிரியர் ஆய்வகம் நடத்துபவர் அல்லர் என்று சிலர் ஒதுங்கக்கூடும். ஆய்வகத்திற்கு முந்திய பணிகள் அவர் கையிலேயே உள்ளன. பள்ளி மூலிகைத் தோட்டங்களில் வைக்கும் பலகையில் தமிழ்ப் பெயருடன் மலாய்ப் பெயரும் தாவரவியற் பெயரும் எழுதப்படட்டும். எந்நோயையும் தீர்க்கும் என்னும் வரி நீக்கப்படட்டும். தோட்டங்களில் எஞ்சி வாழும் முதியோரிடம் மாணவர் சென்று, எச்செடி, எப்பகுதி, எவ்வளவு, எந்நோய்க்கு, எப்போது பயன்படவில்லை என்று கேட்டுக் குறிக்கட்டும். இறுதிக் கேள்வியே இன்றியமையாதது. அதனை எவரும் கேட்பதில்லை. அம்முதியோர் மறையும் முன் இப்பணி முடிய வேண்டும்.

கட்டுரைப் போட்டிகளில், சான்றின்றி மூலிகையைப் புகழும் அடுக்குமொழிக்குப் பரிசளிப்பதை ஆசிரியர் நிறுத்த வேண்டும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கும் மாணவனின் எளிய நடைக்கு அப்பரிசு சேரட்டும். அவரை விதையை இரு தொட்டியில் இட்டு ஒன்றுக்கு மட்டும் உரமிடும் சிறு பாடத்திலேயே ஒப்பிடும் நெறியை ஊட்டிவிடலாம். மாணவரிடமோ அண்டை வீட்டாரிடமோ மருந்தைச் சோதிப்பது ஆசிரியர் வேலையன்று. அதற்குப் பயிற்சியும் ஒப்புதலும் சட்டமும் வேண்டும். 1900-இல் தோன்றிய மருத்துவ ஆய்வுக் கழகமும், கெப்போங் வன ஆய்வு நிலையமும் இந்நாட்டில் உள்ளன. மலாக்கா நகரிலேயே 1997 முதல் மருத்துவக் கல்லூரி ஒன்று இயங்கி வருகிறது. அங்கெல்லாம் சென்று வினா எழுப்பும் தமிழ் மாணவரை உருவாக்குவதே பள்ளியின் வேலை. கிடைத்த விடை பாதகமாயினும் அதனைத் தமிழில் எழுதுவது எழுத்தாளரின் வேலை.

அதியமான் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தான் என்பதே அக்கதையின் உயிர். அங்குப் போற்றப்படுவது கொடை, மருந்தின் திறனன்று. அக்கொடைக்கு ஈடாக, இன்று தமிழர் தம் பிள்ளைகளுக்கு ஈயத்தக்கது மற்றொரு புகழுரையன்று; இக்கனி இந்நோய்க்கு இவ்வளவு பயன் தரும், இதற்குமேல் தராது என்று துணிந்து கூறவல்ல மெய்யறிவே. மலாக்கா மரத்தின் நிழலில் நின்று அவ்வினாவை எழுப்பும் முதல் தலைமுறை, இன்று தமிழ்ப்பள்ளிகளில் அமர்ந்திருக்கும் தலைமுறையாகட்டும்.